பத்து நிமிடப் போர்க்களம்: ‘போக்கிமான் யுனைட்’ குறித்து ஒரு மதிப்பீடு

அறபிக் கல்லூரியில் பாடம் நடத்துகிறவர்களுக்கு கைபேசி விளையாட்டைப் பற்றி எழுத என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த அபூபக்ர் அஸ்ஸூலீயை அவர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம். அப்பாஸிய அவையின் வரலாற்றாசிரியராகவும், கவிஞர்களின் திவான்களைத் தொகுத்தவராகவும் அறபு இலக்கிய மாணவர்கள் அவரை அறிவார்கள். அவரே அக்காலத்துச் சதுரங்க வல்லுநர்களில் தலைசிறந்தவர். அந்த ஆட்டத்தைப் பற்றித் தனி நூலே எழுதியவர். ஓர் ஆட்டத்தைக் கவிதைக்குரிய கவனத்தோடு ஆராயலாம் என்ற மரபு நமக்குப் புதிதன்று. நாம்தான் அதை விட்டுவிட்டோம்.

விட்டதன் விளைவை நம் வகுப்பறையிலேயே கண்டோம். சில ஆண்டுகளுக்கு முன் ஃபிக்ஹ் பாடத்தில் ‘லஹ்வு’ பற்றிய பகுதி வந்தபோது, இக்காலத்துக் கைபேசி விளையாட்டுகள் அனைத்தையும் ஒரே மூச்சில் ஹராம் என்று சொல்லிக் கடந்து போனோம். பின்வரிசை மாணவர் ஒருவர் எழுந்து, “ஹஜ்ரத், நீங்கள் அவற்றில் ஏதேனும் ஒன்றைப் பார்த்திருக்கிறீர்களா?” என்று பணிவோடு கேட்டார். பார்த்ததில்லை. ஒரு பொருளைப் பற்றிய தீர்ப்பு அதைச் சரியாக மனத்தில் உருவகித்துக் கொள்வதன் கிளை என்று உஸூல் பாடத்தில் நாமே கற்பித்து வந்தவர்கள். அந்த வெட்கம்தான் இக்கட்டுரைக்கு மூலம்.

பார்ப்பதற்கு வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. சேலையூரில் நம் தங்கை வீடு இருக்கிறது. மேல்நிலைப் பள்ளி மாணவனான அவள் மகன் நாள்தோறும் ஆடுவது ‘போக்கிமான் யுனைட்’. சீனாவின் டென்சென்ட் நிறுவனத்தைச் சேர்ந்த டிமி ஸ்டுடியோ உருவாக்கியது. 2021 ஜூலையில் நிண்டெண்டோ ஸ்விட்ச் கருவியிலும், அதே ஆண்டு செப்டம்பரில் கைபேசிகளிலும் வெளிவந்தது. சில வாரங்கள் மாலை வேளைகளில் அவன் அருகில் அமர்ந்து பார்த்தோம். ஓரிரு முறை ஆடியும் பார்த்தோம். நம்மால் அவனுடைய அணி தோற்றது என்பதை மறைப்பதற்கில்லை.

ஆட்டத்தின் அமைப்பு எளியது. ஓர் அணிக்கு ஐவர் வீதம் இரண்டு அணிகள். களத்தின் மேலும் கீழும் இரண்டு பாதைகள், நடுவே காடு. ஒவ்வொருவரும் ஓர் உயிரியைத் தேர்ந்துகொள்கிறார்கள். தாக்குபவர், விரைபவர், தாங்குபவர், துணைநிற்பவர், எல்லாம் ஓரளவு வல்லவர் என ஐந்து வகைப் பொறுப்புகள். காட்டு உயிரிகளை வீழ்த்தினால் புள்ளிகள் கையில் சேரும். அவற்றை எதிரியின் வட்டத்துக்குள் கொண்டுபோய் இட வேண்டும். நிறையச் சுமந்தால் இடுவதற்கு நேரம் கூடுதலாகும். இடும்போது அடிபட்டால் முயற்சி தடைபடும். வீழ்ந்தால் சுமந்ததில் ஒரு பகுதி சிதறிவிடும். பேராசைக்கு இவ்வளவு நேரடியான விலையை விதித்த வேறோர் ஆட்டத்தை நாம் கண்டதில்லை. பத்தே நிமிடத்தில் ஆட்டம் முடிந்துவிடும்.

போர் என்று பெயர் பெற்றிருந்தாலும் இங்கே யாரும் சாவதில்லை. வீழ்ந்தவர் சில நொடிகளில் தம் இடத்திலிருந்து எழுந்து வருவார். நம் ஊர்ச் சடுகுடுவை அறிந்தவர்களுக்கு இது விளங்கும். ‘அவுட்’ ஆனவர் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து, தம் அணி புள்ளி பெற்றதும் உயிர் பெற்று உள்ளே வருவது அங்கும் உண்டு. தனியொருவர் எதிர்க்களத்துக்குள் நுழைந்து, தொட்டுவிட்டுத் திரும்புவதிலுள்ள பதற்றமும் இரண்டுக்கும் பொது. ஆனால் வேறொரு வகையில் நம் மரபின் போர்களிலிருந்து இது விலகி நிற்கிறது. இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தில் ‘படைப்போர்’ என்றே ஒரு சிற்றிலக்கிய வகை உண்டு. அசன் அலிப் புலவரின் ‘ஐந்து படைப்போர்’ அவ்வகையில் பெயர் பெற்றது. அப்பாடல்களில் போருக்கு ஒரு காரணம் இருக்கும், முன்னும் பின்னும் இருக்கும், போரிடுவோருக்கு வமிசமும் வாக்கும் இருக்கும். இந்த ஆட்டத்தின் போருக்குக் காரணமே இல்லை. சற்றுமுன் எதிரணியில் நின்றவரே அடுத்த ஆட்டத்தில் நம் அணியில் நிற்கலாம். பகைமை இல்லை என்று இதைப் பாராட்டவும் செய்யலாம். பொருள் இல்லை என்று குறை கூறவும் செய்யலாம். நாம் முதலாவதன் பக்கம் சாய்கிறோம்.

உண்மையில் நாம் எதிர்பார்த்துப் போன மூர்க்கத்தைக் காணவில்லை. நம் மருமகன் பெரும்பாலும் ஏற்றது தாங்குபவரின் பொறுப்பு. முன்னால் நின்று அடிகளை வாங்கிக்கொண்டு, புள்ளி இடும் வாய்ப்பைப் பிறருக்கு விட்டுக் கொடுக்க வேண்டும். “நான் போட்டா அஞ்சு பாயின்ட் மாமா, அவன் போட்டா அம்பது. நான் அடி வாங்குனாப் போதும்” என்றான். வீட்டில் தண்ணீர்க் குடம் தூக்கத் தயங்குகிற பையனிடமிருந்து இந்தச் சொல் வந்தது. இந்த ஆட்டத்தைக் கேவலமாகப் பேசுகிறவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

போக்கிமான் என்ற கற்பனை உலகம் பிறந்ததே ஒரு புறநகரில்தான். அதை உருவாக்கிய சதோஷி தஜிரி, தோக்கியோவை அடுத்த மச்சிதாவில் வளர்ந்தவர். வயல்களிலும் குட்டைகளிலும் பூச்சி பிடித்துத் திரிந்த அவருடைய சிறுபருவத்து நிலம், நகரம் பெருகப் பெருகக் கட்டடங்களின் அடியில் போயிற்று. அந்த இழப்பின் நினைவாகத்தான் உயிரிகளைத் தேடிப் பிடிக்கும் விளையாட்டை அவர் படைத்தார். 1996-இல் அது வெளிவந்தது. சேலையூரில் உட்கார்ந்து இதை எண்ணும்போது மனம் கனக்கிறது. கேம்ப் ரோடு சந்திப்பிலிருந்து வேளச்சேரி சாலையின் இருபுறமும் முன்பு வெற்று மனைகளாகக் கிடந்த இடங்களில் இன்று அடுக்குமாடிகள். ஏரி எஞ்சியிருக்கிறது, அதைச் சுற்றிலும் வீடுகள். பந்து விளையாட இடமில்லாத பையன்கள் மாடிப்படிகளில் வரிசையாக அமர்ந்து, தலை குனிந்து, ஒரே காட்டுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். மைதானத்தைப் பறித்துக்கொண்ட தலைமுறை, கைபேசியைக் குறை சொல்வதற்கு முன் சற்றே தயங்க வேண்டும். இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) இஹ்யாவில் சிறுவர் வளர்ப்பைப் பேசும் இடத்தில், மக்தப் முடிந்து வந்த சிறுவனை நல்ல விளையாட்டு ஒன்றில் களைப்பாற விட வேண்டும்; அதைத் தடுத்து ஓயாமல் படிப்பில் வதைத்தால் அவனுடைய உள்ளம் மடிந்துவிடும் என்ற கருத்தை வலியுறுத்துகிறார்கள்.

ஆட்டத்தின் மற்றொரு சிறப்பு, கருவி எதுவாயினும் களம் ஒன்றே என்பது. கைபேசியில் ஆடுபவரும் ஸ்விட்ச் கருவியில் ஆடுபவரும் ஒரே அணியில் சேரலாம். தொழில்நுட்பச் செய்தியாக இதைக் கடந்து போயிருப்போம், மருமகனின் அண்ணன் ஷார்ஜாவில் வேலை பார்க்காமல் இருந்திருந்தால். அவன் அங்கே ஸ்விட்ச் வைத்திருக்கிறான். தம்பி இங்கே கைபேசியில். வாரத்தில் இரண்டு மூன்று நாள் இருவரும் ஒரே அணியில் ஆடுகிறார்கள். வளைகுடாவுக்குப் போன அண்ணன்மார் தம்பிகளோடு பேசுவது எப்படியிருக்கும் என்பதை நம் வாசகர்கள் அறிவார்கள்: “நல்லா இருக்கியா, படிக்கிறியா, உம்மாகிட்டக் குடு.” இந்த ஆட்டத்தில் அவர்கள் பத்து நிமிடம் முழுவதும் பேசிக்கொள்கிறார்கள். “மேல வா”, “விடு, பின்னால போ” என்பவைதாம் அந்தப் பேச்சு என்றாலும், பேச்சுதான். உறவைப் பேணுதல் என்ற கடமை இந்த வழியாகவும் நிறைவேறுமாயின் அதை எளிதாகத் தள்ளிவிட நமக்கு மனமில்லை.

இவ்வகை ஆட்டங்களின் பொது வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ‘வார்கிராஃப்ட் 3’ என்ற கணினி விளையாட்டின் மேல் ரசிகர்கள் 2003-இல் அமைத்த ‘டோட்டா’ என்ற களமே இவற்றின் மூத்த மாதிரி. 2009-இல் ‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’, 2013-இல் ‘டோட்டா 2’. அவை ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம்கூட நீளக்கூடியவை. கைபேசிக்கு வந்தபோதுதான் நேரம் சுருங்கி வேகம் கூடியது. இந்தியாவில் பரவலாக ஆடப்பட்ட ‘மொபைல் லெஜண்ட்ஸ்’ 2020 ஜூனில் மத்திய அரசு தடைசெய்த 59 செயலிகளில் ஒன்றாகப் போயிற்று. 2022-இல் பர்மிங்ஹாமில் நடந்த காமன்வெல்த் மின்விளையாட்டுப் போட்டியில் மொயின் எஜாஸ் தலைமையிலான இந்திய அணி ‘டோட்டா 2’ பிரிவில் வெண்கலம் பெற்றது. 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இவை பதக்கத்துக்குரிய போட்டிகளாயின. ‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’ காலிறுதியில் இந்தியா வியட்நாமிடம் தோற்றது.

இனி மார்க்கத் தீர்ப்புக்கு வருவோம். போக்கிமான் என்ற பெயரைக் கேட்டதும் நம்மில் பலருக்கு நினைவில் எழுவது 2001-இல் சவூதி அரேபியாவில் வெளியான ஃபத்வாதான். சீட்டுகளைப் பணத்துக்கு மாற்றிக்கொள்வதிலுள்ள சூது, பரிணாமக் கொள்கை, பிற சமயங்களின் குறிகள் என்பவை அதில் காரணங்களாகக் காட்டப்பட்டன. இவற்றுள் சூது பற்றிய காரணம் வலுவானது. சீட்டு வாணிகத்தை நேரில் கண்டு சொன்னது. பரிணாமம் பற்றிய காரணம் அவ்வாறன்று. இந்த உயிரிகள் ஓர் ஆட்டத்துக்குள் சிறிதாய்த் தொடங்கி உருமாறிப் பெரிதாகின்றன. தலைப்பிரட்டை தவளையாவதை டார்வினின் கொள்கை என்று யாரும் அஞ்சுவதில்லை. 2016-இல் ‘போக்கிமான் கோ’ உலகெங்கும் பரவியபோது அதே பழைய தீர்ப்பு மீண்டும் பேசப்பட்டது. அவ்வாண்டு ஜனவரியில் சதுரங்கமும் விலக்கப்பட்டது என்று சவூதி முஃப்தி தொலைக்காட்சியில் விடையளித்திருந்தார்.

பின்பு நடந்தவற்றை உணர்ச்சியின்றிப் பதிவு செய்கிறோம். 2024-இல் ரியாத்தில் மின்விளையாட்டு உலகக் கோப்பை நடந்தது. மொத்தப் பரிசு 6 கோடி டாலர். நாம் பேசும் இவ்வகைப் போர்க்கள ஆட்டங்கள் பல அதில் இடம்பெற்றன. 2025-இல் அதே அரங்கில் சதுரங்கமும் சேர்ந்தது. அவ்வாண்டே சவூதி அரசின் பொது முதலீட்டு நிதியத்துக்கு உரிய ஸ்கோப்லி நிறுவனம், ‘போக்கிமான் கோ’வை நடத்தும் நியாண்டிக்கின் விளையாட்டுப் பிரிவை 350 கோடி டாலருக்கு வாங்கியது. உலமாக்களின் சொல்லும் அரசின் கருவூலமும் இப்படி எதிரெதிர்த் திசையில் போவதைக் கண்டு நம் இளைஞர்கள் நகைத்தால் அவர்களைக் கடிந்துகொள்ள நமக்கு வாயில்லை. தீர்ப்பு பிழையானது என்பதன்று நம் முறையீடு. தீர்ப்பு பொருளின் முகத்தைப் பார்த்தது, குணத்தைப் பார்க்கவில்லை என்பதே.

குணத்தைப் பார்ப்பதற்கான அளவுகோல் நம் நூல்களிலேயே இருக்கிறது. தாயக்கட்டையின் வீழ்ச்சியை நம்பிய நர்த் ஆட்டத்தையும் சிந்தனையை நம்பிய சதுரங்கத்தையும் ஷாஃபிஈ மத்ஹபின் இமாம்கள் வேறுபடுத்தினார்கள். முன்னது ஹராம், பின்னது மக்ரூஹ். சதுரங்கத்தைப் பற்றிக் கேட்கப்பட்டபோது இமாம் நவவீ (ரஹ்) கூறிய விடையின் சாரம்: பணயம் வைத்தாலோ தொழுகையின் நேரம் தவறினாலோ அது ஹராமாகிவிடும். இந்த இரண்டையும் கொண்டு நம் ஆட்டத்தை அளப்போம்.

பணயத்தைப் பொறுத்தவரை ஆட்டத்தின் உடலில் சூது இல்லை. வெற்றி தோல்வியில் ஆடுபவரின் பணம் கைமாறுவதில்லை. தமிழ்நாட்டு அரசின் 2022-ஆம் ஆண்டுச் சட்டமும், 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய இணைய விளையாட்டுச் சட்டமும் தடுப்பது பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை. மின்விளையாட்டைப் பிந்தைய சட்டம் ஊக்குவிக்கவே செய்கிறது. ஆனால் ஆட்டத்தின் விளிம்பில் குலுக்கல் முறைப் பரிசுகளும், காசு கொடுத்து வாங்கும் உடைகளும் இருக்கின்றன. வெளிவந்த புதிதில் உயிரிகள் அணியும் துணைப்பொருள்களின் வலுவையே காசால் கூட்டிக்கொள்ள முடிந்தது. அது பலத்த கண்டனத்துக்கு உள்ளானது. எது கிடைக்கும் என்று தெரியாமல் விலை கொடுப்பதில் ‘கரர்’ இருக்கிறது. நம் மருமகன் காசு செலவழிப்பதில்லை. செலவழிக்கக் காசு இல்லை என்பதும் அதற்கு ஒரு காரணம்.

இரண்டாம் அளவுகோலில்தான் சிக்கல். அதைப் புரிந்துகொள்ள ஆட்டத்தின் இறுதி இரண்டு நிமிடங்களைப் பார்க்க வேண்டும். அப்போது இடப்படும் புள்ளிகள் இரட்டிப்பாகின்றன. களத்தின் நடுவில் ஒரு பெரும் உயிரி காத்து நிற்கிறது. அதை வீழ்த்தும் அணிக்குப் பெரும் அனுகூலம். எட்டு நிமிடம் பொறுமையாக உழைத்து முந்தியிருந்த அணி, ஒரே மோதலில் எல்லாவற்றையும் இழந்துவிடலாம். அதற்கு மேல், ஆட்டத்தின் நடுவே மதிப்பெண்ணை முழுமையாகக் காட்டாமல் மறைத்து வைத்தார்கள் இதை வடிவமைத்தவர்கள். பின்தங்கியவர் நம்பிக்கை இழந்து ஓடிவிடக் கூடாது என்பது அவர்கள் கருத்தாக இருக்கலாம். அதில் நியாயமும் உண்டு. ஆயினும் கலையழகின் நோக்கில் இது குறையே என்று கருதுகிறோம். பொறுமையைக் கற்பித்துவிட்டுக் கடைசியில் பொறுமையை ஏளனம் செய்கிறது. சதுரங்கத்தில் இருபதாவது நகர்த்தலில் செய்த நன்மை நாற்பதாவதிலும் உடன் நிற்கும்.

குறை கலையோடு நின்றுவிடவில்லை. ஆட்டத்தின் எடை முழுவதும் இறுதியில் குவிந்திருப்பதால், எந்த நொடியில் எழுந்து போனாலும் போகக் கூடாத நொடியில் போனதாகவே தோன்றும். நடுவில் விலகுவோருக்கு நேர்மைப் புள்ளி குறையும். மிகக் குறைந்தால் தரவரிசை ஆட்டங்களில் சேர முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, உடன் ஆடும் நால்வர். பையனைக் கட்டிவைப்பது போதை என்று மேடைகளில் பேசுகிறோம். நாம் கண்டது வேறு. அவனைக் கட்டிவைப்பது அவனுடைய நல்ல குணம். நாலு பேரைக் கைவிடக் கூடாது என்ற அமானத்து உணர்ச்சி. அந்த உணர்ச்சியையே கயிறாகத் திரித்துக் கட்டியிருக்கிறார்கள்.

ஒரு மாலை, இஷாவுக்குப் பாங்கு கேட்டது. குளிர்காலத்தில் இங்கே இஷாவுக்குப் பாங்கு சொல்லும் வேளை ஷார்ஜாவில் ஏறத்தாழ மக்ரிபு வேளை. அண்ணனுக்கு அங்கே ஒரு பாங்கு, தம்பிக்கு இங்கே ஒரு பாங்கு, இருவரும் நகரவில்லை. அதற்கு முன்பே சமையலறையிலிருந்து தங்கை மூன்று முறை அவனைக் கூப்பிட்டிருந்தாள். “ரெண்டே நிமிஷம் மாமா, நடுவுல போனா நாலு பேரும் தோத்துருவாங்க” என்றான் நம்மிடம், தாய்க்குச் சொல்ல வேண்டிய விடையை.

புகாரீயிலும் முஸ்லிமிலும் வரும் ஜுரைஜின் வரலாறு அப்போது நினைவுக்கு வந்தது. தம் ஆசிரமத்தில் தொழுதுகொண்டிருந்தார், தாய் அழைத்தாள், தொழுகையா தாயா என்று மனத்துள் தடுமாறித் தொழுகையைத் தொடர்ந்தார், தாய் மனம் நொந்து இறைஞ்சிய வேண்டுதல் அவரைச் சோதனையில் தள்ளிற்று. அது உபரித் தொழுகையாதலால் தாய்க்கு விடை சொல்லியிருப்பதே சரி என்று உரையாசிரியர்கள் எழுதுகிறார்கள். உபரித் தொழுகைக்கே இந்த நிலை.

பாங்குக்கும் இகாமத்துக்கும் இடையே நம் மஹல்லாப் பள்ளிவாசலில் பதினைந்து நிமிடம் விடுகிறார்கள். ஆட்டமோ பத்து நிமிடம். கணக்குப் பார்த்தால், பாங்கு கேட்டபோது நடந்துகொண்டிருந்த ஆட்டத்தை முடித்துவிட்டே ஜமாஅத்தில் சேர்ந்துவிடலாம். சேராமல் போவது அந்த ஆட்டத்தால் அன்று, அடுத்த ஆட்டத்தால். கடைசி இரண்டு நிமிடத்தில் கவிழ்ந்த தோல்வி, தகுதியற்ற தோல்வியாகத் தோன்றும். அதை உடனே ஈடுசெய்தாக வேண்டும். ஆட்டம் குறுகியது என்பதே இங்கே கண்ணி. முக்கால் மணி நேர ஆட்டத்தை இரவு பதினொன்றுக்குத் தொடங்க எவனும் தயங்குவான். பத்து நிமிட ஆட்டத்தை விடியும்வரை தொடங்கிக்கொண்டே இருக்கலாம்.

இதே ஸ்டுடியோ தன் சொந்த நாட்டில் நடத்தும் ‘ஹானர் ஆஃப் கிங்ஸ்’ ஆட்டத்தில், பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆட முடியாதபடி டென்சென்ட் 2017-இலேயே வரம்பு விதித்தது. 2021-இல் சீன அரசு இன்னும் இறுக்கியது: சிறார் இணைய விளையாட்டு ஆடுவது வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாள்களில் இரவு எட்டு முதல் ஒன்பது வரை மட்டுமே. தமிழ்நாட்டில் நள்ளிரவு முதல் காலை ஐந்து வரை ஆட்டத்தை நிறுத்தி வைக்கும் விதி 2025-இல் வந்தது. அது பணம் கட்டி ஆடும் ஆட்டங்களுக்கு மட்டுமே ஆனது. சேலையூர்ச் சிறுவனுக்கு எந்த வாயிலும் இல்லை, வீட்டாரைத் தவிர.

இவ்வளவையும் மனத்தில் கொண்டு, அன்று நம்மை நாணச் செய்த அதே வகுப்பில் ஒரு கேள்வியை வைத்தோம்: முகமறியாத நால்வரோடு ஆட்டத்தில் சேர்வது ஓர் ஒப்பந்தமாகுமா? ஆகுமெனில், பாங்கு கேட்டதும் எழுந்து போவது வாக்கு மீறலா? மாணவர்கள் பிரிந்தனர். முபாஹான செயலில் தந்த வாக்கு, ஜமாஅத்தின் சிறப்பை இழக்கும் அளவுக்குக் கட்டாது என்றார் ஒருவர். இகாமத் வரை நேரம் இருக்கையில் பிறருக்கு நட்டம் விளைவிப்பதும் தகாது என்றார் இன்னொருவர். முன்பு நம்மைக் கேட்ட அந்தப் பின்வரிசை மாணவர், “பாங்கின் நேரம் ஆட்டத்தைத் தொடங்கும்போதே தெரியுமே, ஹஜ்ரத்? கேள்வி எழ வேண்டிய இடம் அதுவல்லவா?” என்றார். வகுப்பு அதை ஏற்றது; நாமும் ஏற்றோம்.

வாரக் கடைசியில் சேலையூர் போனபோது இதை மருமகனிடம் சொன்னோம். சற்று யோசித்தான். பிறகு கைபேசியைத் திருப்பி, ஆட்டம் முடிந்ததும் திரையில் வரும் அந்தப் பெரிய பொத்தானைக் காட்டினான்.

“சரிதான் மாமா. ஆனா முடிஞ்ச உடனே இதுதான் வருது. அடுத்த பாங்கு எப்பன்னு அது கேக்காது.”